கயிற்றின் மறுநுனி

மன்னார் நகரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பாதையில், அருவியாறு கடலோடு கலக்கும் இடத்தை அண்டி, அரிப்பு என்னும் சிற்றூர் உண்டு. அங்கே கடலோர மேட்டின்மீது இடிந்த சுவர்கள் சில நிற்கின்றன. பிரெடெரிக் நோர்த் என்ற ஆங்கிலத் தேசாதிபதி, முத்துக்குளிப்பைப் பார்வையிடுதற்பொருட்டு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மாளிகையின் எச்சம் அது. ஊர் மக்களோ அதனை அல்லிராணியின் கோட்டை என்பர். அலைகள் அதன் அடியைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டிருக்கின்றன.

சென்ற தவணை விடுமுறையில் மாணாக்கர் சிலரை அவ்விடத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அவர்களுள் இருவர் பொலிஸ் சேவையிற் சேர விரும்பி, அதற்கான பரீட்சைக்குப் படித்து வருபவர்கள். பனைநிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தபோது அவர்களில் ஒருவன் கேட்டான்:

"ஐயா, பொலிஸ் உத்தியோகத்துக்குத் துணிவும் உடற்கட்டும் சட்ட அறிவும் இருந்தாற் போதாவா? குழுவாக இயங்குதல், கூடிப் பேசுதல் என்றெல்லாம் பயிற்சி கொடுக்கிறார்களாமே; அஃது எதற்கு? பேசத் தெரியாதவனும் உண்டோ?"

நல்ல வினா. அதற்கு விடை அவன் கண்முன்னே விரிந்து கிடந்த கடலிலேயே இருந்தது. அன்று அவனுக்குச் சொன்னவற்றை இன்று வாசக நேயர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். பிள்ளைகளை இத்தகைய சேவைக்கு அனுப்பும் பெற்றோரும் இதனைப் படித்தல் நன்று.

கடலடியில் ஒருவன், தோணியில் ஒருவன்

அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி ஆகிய இக்கரையூர்களுக்கு எதிரே, கடலுக்கடியில், 'பார்' எனப்படும் முத்துச் சிப்பித் திட்டுகள் உள்ளன. பன்னூறாண்டுகளாக இங்கு முத்தெடுத்தனர். பங்குனி, சித்திரை மாதங்களில் இரு பருவக் காற்றுகளுக்கும் இடையே கடல் அமைதியுறும் சில வாரங்களே அதற்கு உரிய காலம். நள்ளிரவு கழிந்ததும் கரைக்காற்றின் துணைகொண்டு தோணிகள் புறப்படும். விடியற்காலையிற் பாரை அடையும். காவற் கப்பலிலிருந்து வேட்டொலி கேட்ட பின்னரே குளிகாரர் கடலில் இறங்குவர். நண்பகலில் மீண்டும் ஒரு வேட்டு. உடனே வேலை நிற்கும். கடற்காற்றைப் பாயிலேற்றித் தோணிகள் கரை திரும்பும்.

குளிகாரனிடம் இன்றுள்ள மூச்சுக் கருவி ஏதும் இல்லை. கயிற்றிற் கட்டிய கனத்த கல்லின்மேற் காலை ஊன்றிக்கொள்வான், மூச்சை அடக்குவான், சைகை செய்ததும் கல் அவனை அடிநிலத்துக்குக் கொண்டு செல்லும். ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் சிப்பிகளை வாரி வலைக்கூடையில் இடுவான். பின்னர்க் கயிற்றை ஒருமுறை வெட்டி இழுப்பான். மேலே தோணியில் நிற்பவன் அந்த அசைவை உணர்ந்து, கணமும் தாழாது கயிற்றை இழுக்கவேண்டும்.

இவ்விருவருக்கும் இடையே உள்ள மொழி அந்தக் கயிறு ஒன்றே. மேலே நிற்பவன் பராக்குப் பார்த்தானாயினும், அலையின் அசைப்பையும் ஆளின் அசைப்பையும் பிரித்தறியத் தவறினானாயினும், கீழே இருப்பவன் நிலை என்னாகும்? ஆதலாற்றான், கயிறு பிடிக்கும் பொறுப்பை மைத்துனனிடமே ஒப்படைப்பர் என்று நம் கடற்கரையில் ஒரு செவிவழிச் செய்தி வழங்கிவருகிறது. தன் உடன்பிறந்தாளின் தாலிக்கயிறும் அந்தக் கயிற்றோடு பிணைந்திருப்பதை அவன் மறக்கமாட்டான் என்பது அதன் உட்கிடை. எல்லாத் தோணிகளிலும் அப்படியே நடந்ததோ என்பதை விடுங்கள். அச்செய்தி உணர்த்தும் உண்மை பெரிது. கயிறு பிடிப்பவனுக்கு வேண்டிய முதற்றகுதி, கீழே இருப்பவனின் உயிரைத் தன்னுடையதாகக் கருதும் மனம்.

"பொலிஸ் வேலையில் நீயும் ஒருநாள் கடலடியில் இருப்பாய்; மற்றொரு நாள் தோணியில் நிற்பாய்" என்றேன் அம்மாணவனிடம். இருட்டிய ஒழுங்கைக்குள் ஒருவர் நுழையும்போது, வெளியே வானொலிக் கருவியுடன் நிற்கும் துணைவரே அவருடைய கயிறு பிடிப்பவர்.

மரிச்சுக்கட்டிப் பெருங்கூட்டம்

1905-ஆம் ஆண்டில் நிகழ்ந்த முத்துக்குளிப்பு மிகப் பெரியது. 300-க்கு மேற்பட்ட தோணிகளும் ஏறத்தாழ 5,000 குளிகாரரும் அதில் ஈடுபட்டனர். அரசாங்கத்துக்குக் கிடைத்த வருவாய் 25 இலட்சம் ரூபாவைத் தாண்டியது. மனித சஞ்சாரமற்ற மணற்காட்டில் சில வாரங்களுக்குள் ஒரு நகரமே முளைத்துவிடும்: ஓலைக் கொட்டில்கள், கடைகள், நீதிமன்று, வைத்தியசாலை, சிறை, தபாற் கந்தோர், பொலிஸ் எல்லாம் அங்கே உண்டு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மலையாளிகள், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியக் குளிகாரர் எனப் பலமொழி மக்கள் பல்லாயிரவர் அங்குக் கூடுவர்.

பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப், 1906-ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியிற் சிப்பிக் கொட்டுக்குப் பொறுப்பதிகாரியாகக் கடமை பார்த்தார். அத்துணைப் பெரிய கூட்டத்தை விரல்விட்டு எண்ணத்தக்க அதிகாரிகளும் ஒரு சிறு பொலிஸ் படையுமே நிருவகித்தனர். அஃது எவ்வாறு இயன்றது? தடியின் வலிமையால் மட்டும் அன்று. வேட்டொலியின் பொருளை எல்லாரும் அறிந்திருந்தனர். கரைக்கு வந்த சிப்பிகள் கொட்டினுள் எல்லார் கண்முன்னும் மூன்று குவியலாகப் பிரிக்கப்பட்டன. இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவர்க்கு. எவருக்கு எது கடமை, எது உரிமை என்பது வெளிப்படையாக இருந்தது. விதி விளங்கியிருந்தமையால், விதியைக் காப்போர் தொகை குறைவாயினும் வேலை நடந்தது.

கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல்

பேசுதல் எளிது, பேசியது போய்ச் சேர்ந்ததா என அறிதல் அரிது. உலகம் இப்பாடத்தை மிகுந்த விலை கொடுத்தே கற்றது.

1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆந் திகதி, கனேரித் தீவுகளுள் ஒன்றான தெனரீஃபில், மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் இரு பெரும் விமானங்கள் மோதின. 583 உயிர்கள் மாய்ந்தன. ஒரு விமானத்தின் தலைமை விமானி, புறப்பட அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணி ஓடத் தொடங்கிவிட்டார். கட்டுப்பாட்டுக் கோபுரமும் மற்றை விமானமும் ஒரே வேளையிற் பேசியமையால், வானொலியில் ஒலிகள் ஒன்றையொன்று மறைத்தன. அவ்விமானத்திலேயே இருந்த பொறியியலாளர், 'அவர்கள் இன்னும் பாதையைவிட்டு விலகவில்லையோ?' என்ற பொருள்பட ஐயம் எழுப்பினார். அனுபவம் மிக்க தலைமை விமானியோ விலகிவிட்டார்கள் என உறுதியாகக் கூறினார். அதன்மேல் ஒருவரும் வற்புறுத்தவில்லை.

இவ்விபத்தின் பின்னர், விமானத் துறையில் இரு வழக்கங்கள் வலுப்பெற்றன. ஒன்று: கிடைத்த கட்டளையைச் 'சரி' என்று ஏற்பதோடு நில்லாமல், முழுமையாகத் திருப்பிச் சொல்லுதல். மற்றொன்று: இளையவர் ஐயுற்றால் அதனை அஞ்சாது சொல்லவும், மூத்தவர் செவிகொடுக்கவும் பயிற்றுதல். இவை பின்னர்த் தீயணைப்போர், அறுவை வைத்தியர் முதலியோர் பயிற்சியிலும் புகுந்தன. சட்டங்காக்கும் சேவையில் இருப்போர்க்கும் இவையே அரிச்சுவடி.

"வாகன இலக்கத்தைச் சொன்னேன், சேர்" என்று ஓர் இளங் கொஸ்தாப்பல் கூறலாம். ஆயின் எழுதியவர் வேறோர் எழுத்தை எழுதியிருப்பார். இரைச்சல் மிகுந்த வானொலியில் ஆங்கில எழுத்துகளான 'பீ'யும் 'டீ'யும் ஒன்றாகவே கேட்கும். அக்குறையைப் போக்கவே 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' என எழுத்துக்கொரு சொல்லாக வகுத்த முறை 1956 முதல் உலகெங்கும் பயின்றுவருகிறது.

சிறிய குரலுக்குச் செவிகொடுத்தல்

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22, 23 ஆகிய நாட்களில் வீசிய சூறாவளியை நம் தீவின் முதியோர் இன்றும் மறக்கவில்லை. அக்கரையிலுள்ள தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளுடன் சென்ற ஒரு புகைவண்டியைக் கடல் கொண்டது. பாம்பன் பாலத்தின் பல இரும்பு உத்திரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. பாலத்தைச் செப்பனிடும் பணி ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. புதிய உத்திரங்களுக்காகக் காத்திருந்தால் மாதக்கணக்காகும். அந்நிலையில், காணாமற் போன உத்திரங்கள் கடலடியிற் கிடக்கும் இடத்தை மீனவர்கள் கண்டு சொன்னார்கள். பொறியியலாளர் அவர்கள் சொல்லை அலட்சியம் செய்தாரல்லர். உத்திரங்கள் மீட்கப்பட்டன, 46 நாட்களில் பாலம் மீண்டும் இயங்கிற்று. பட்டம் பெற்றவர் அறியாததைப் பாய்மரம் பிடித்தவர் அறிந்திருந்தார்.

எவர் அறிவார் என்பதை உத்தியோகப் படிநிலை தீர்மானிப்பதில்லை. சந்தியிற் கடலை விற்கும் கிழவிக்குத் தெரிந்தது இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதிருக்கலாம்.

அறுந்த கயிறு

இனி, எழுதக் கை கூசும் ஒன்றை எழுதத்தான் வேண்டும். 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்கள் மூன்றிலும், தலைநகரின் விருந்தினர் விடுதிகள் மூன்றிலும் குண்டுகள் வெடித்தன. வழிபடச் சென்ற குழந்தைகள் உட்பட 250-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தாக்குதல் பற்றிய முன்னெச்சரிக்கை அம்மாதத் தொடக்கத்திலேயே நாட்டின் புலனாய்வுத் துறைக்கு எட்டியிருந்தது. ஆயினும் அச்செய்தி மேசைக்கு மேசை கடிதமாக நகர்ந்ததேயன்றி, தேவாலய வாயிலிற் காவல் நிற்கவேண்டியவனின் செவிக்கு உரிய காலத்திற் சென்றடையவில்லை.

2023-ஆம் ஆண்டு சனவரி 12-ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாட் சனாதிபதி, முன்னாட் பாதுகாப்புச் செயலாளர், முன்னாட் பொலிஸ் மா அதிபர், புலனாய்வுத் துறைகளின் முன்னாட் தலைவர்கள் ஆகியோர் கடமையில் தவறி மக்களின் அடிப்படை உரிமைகளை மீறினர் எனக் கண்டு, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. செய்தி கையில் இருந்தும் அது கைமாறாமையால் விளைந்த கேட்டுக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

வள்ளுவப் பெருந்தகை 'ஒற்றாடல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதிருத்தல் வேண்டும். மூவர் கூறுவது ஒத்திருப்பின் அதனை நம்பலாம் என்பது அவர் கருத்து. அவ்வாறெனின் அம்மூவர் மொழியையும் ஓரிடத்திற் சேர்த்து ஒப்புநோக்க ஒருவன் இருந்தே ஆகவேண்டும் என்பது தானே பெறப்படுகிறதன்றோ? மறைவாகத் திரட்டுதல் ஒரு கலை. திரட்டியதை உரியவனிடம் சேர்த்தல் அதனினும் பெரிய கடமை.

நம் மன்னார்க் கடலை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்படை, 2009-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த கரையோரக் காவற்படை, பொலிஸ், சுங்கம், கடற்றொழில் திணைக்களம் என அமைப்புகள் பல இங்குப் பணிபுரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சீருடை, தனிப் புத்தகம், தனி வானொலி. கடத்தற்காரனுக்கோ ஒரே படகு, ஒரே நோக்கம். காப்போர் தத்தம் பெருமையைப் பெரிதெனக் கருதித் தகவலைப் பூட்டிவைப்பாராயின், 'தலைக்குத் தலை பெரியதனம்' என்ற பழமொழிக்கே இலக்காவர்.

'பார்' என்ற ஒரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. என் மாணவன் ஒருவனின் தந்தை கடலுக்குச் சென்று மறுநாட் காலைவரை திரும்பவில்லை. முறைப்பாடு செய்யச் சென்ற தாய்க்குத் துணையாக நானும் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். நான் வெளியே பிள்ளையைத் தேற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த இளம் உத்தியோகத்தர் தென்பகுதியைச் சேர்ந்தவர், தமிழ் சிறிதளவே அறிந்தவர், ஆயினும் பண்பானவர். அந்த அம்மையாருக்குக் கதிரை கொடுத்து, தேநீரும் வருவித்தார். "கடைசியாக எங்கே போனார்?" என்று அவர் வினவ, "பாருக்குத்தான் போனவர் ஐயா" என்றார் அம்மையார். கடலடித் திட்டையே அவர் கருதினார். உத்தியோகத்தரோ மதுக்கடை எனக் கொண்டார்! குடிபோதையில் எங்கேனும் கிடப்பார், மாலைக்குள் வந்துவிடுவார் என்று ஆறுதலும் சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்த அம்மையார், "என் மனுசன் குடியாதவர், ஏன் ஐயா அப்படிச் சொல்லுறார்?" என்று கண்கலங்கினார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டிற்று. மீண்டும் உள்ளே சென்று விளக்கினேன். உத்தியோகத்தர் முகம் வெளிறிற்று. உடனே தொலைபேசியை எடுத்தார். அதற்குள் மூன்று மணி நேரம் கழிந்திருந்தது. இயந்திரம் பழுதுற்று மிதந்துகொண்டிருந்த படகை அன்று பொழுது சாயுமுன் வேறு மீனவர்கள் கண்டு இழுத்து வந்தனர். தெய்வாதீனமாக ஆள் பிழைத்தார். காற்று மாறியிருந்தால்?

இங்கே எவரிடத்தும் தீய எண்ணம் இல்லை. ஒரு சிறு வினா மட்டுமே விடுபட்டது: 'நீங்கள் சொன்னதை நான் இவ்வாறு விளங்கிக்கொண்டேன்; சரியா, அம்மா?' என்பது. அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் 1987-ஆம் ஆண்டிலேயே தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. எனினும் ஏட்டிலுள்ள உரிமை நாவில் இறங்கும்வரை அது பாதி உரிமையே. ஆகையாற் சேவையிற் சேரும் தமிழ் மாணவன் சிங்களத்தைச் செம்மையாகக் கற்கட்டும். சிங்கள மாணவன் தமிழைக் கற்கட்டும். இருவரும் கரையூர் மக்களின் பேச்சையும் கற்கட்டும். மொழி தெரிந்த காவலன் ஊருக்கு இரட்டைக் காவல்.

வீட்டிலும் பள்ளியிலும் பழகலாம்

இத்திறன் பயிற்சிக் கல்லூரியில் மட்டும் விளைவதன்று. நம் தீவின் கரைவலையைப் பாருங்கள். இரு வடங்களை இரு அணியினர் இழுக்கின்றனர். ஓரணி விரைந்தால் வலை கோணும், மீன் தப்பும். ஒருவர் அம்பாப் பாடல் எடுத்துக்கொடுக்க, மற்றையோர் ஏற்றுப் பாட, கைகள் யாவும் ஒரே தாளத்தில் இயங்குகின்றன. அப்பாட்டு வெறும் இன்பத்துக்கானதன்று. அது கட்டளை, மறுமொழி, ஊக்கம் மூன்றும் ஒன்றாய்க் கலந்தது.

மாணவர்களுக்கு நான் மூன்று பயிற்சிகளைச் சொல்வதுண்டு. முதலாவது: இருவர் முதுகோடு முதுகு சாய்த்து அமருங்கள். ஒருவர் கையிலுள்ள படத்தைச் சொல்லால் விளக்க, மற்றவர் பாராமல் வரையட்டும். முடிவில் இரண்டையும் ஒப்பிட்டால், நாம் தெளிவெனக் கருதிய சொற்களின் தெளிவின்மை நகைப்போடு விளங்கும். இரண்டாவது: அம்மா கடைக்கு அனுப்பும்போது சாமான் பட்டியலைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். மூன்றாவது: விளையாட்டுப் போட்டியோ கலைவிழாவோ முடிந்ததும் வட்டமாக அமர்ந்து நான்கு வினாக்களுக்கு விடை காணுங்கள். எதனை எதிர்பார்த்தோம்? எது நடந்தது? ஏன் அவ்வாறு நடந்தது? அடுத்த முறை என்ன செய்வோம்? அமெரிக்க இராணுவத்தார் 1970-களில் வகுத்த முறை இது. அவ்வட்டத்தில் முதலிற் பேசவேண்டியவர் ஆகவும் இளையவர். தலைவர் இறுதியிற் பேசட்டும். தலைவர் முதலிற் பேசிவிட்டால் மற்றையோர் தலையாட்டுவதோடு நின்றுவிடுவர்.

பெற்றோரும் ஒன்று கருதுக. 'பெரியவர் பேசும்போது வாய் திறவாதே' என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, நாளை மேலதிகாரி தவறான வீட்டுக் கதவைத் தட்டப்போகும்போதும் வாய் திறவான். பணிவும் வேண்டும், பணிவோடு உண்மையைச் சொல்லும் துணிவும் வேண்டும். "ஐயா, ஓர் ஐயம்" என்ற மூன்று சொற்களை வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். பல உயிர்களைக் காக்கவல்ல சொற்கள் அவை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மணல்மேட்டிலிருந்து இறங்கும்போது, வினாவெழுப்பிய மாணவன் பின்தங்கி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அருகிற் சென்றேன்.

"என்ன தம்பி, யோசனை?"

"ஐயா, குளிகாரனின் துணிவைத்தான் எல்லாரும் பாராட்டுகிறார்கள். கயிறு பிடித்தவன் பெயரை எவரும் சொல்வதில்லையே!"

"சொல்லமாட்டார்கள்," என்றேன். "ஆனால் குளித்தவன் மேலே வந்ததும் முதலில் அவன் முகத்தைத்தானே பார்த்திருப்பான்?"

அவன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "அப்படியானால், குளித்தவன் எங்கே சிப்பி உண்டு என்று சொல்ல, இவன் அதைக் கேட்டு வைத்துக்கொண்டு மற்றவனுக்குச் சொல்லியிருப்பான், இல்லையா ஐயா?" என்று கேட்டான். நான் சொன்னதைத் தன் சொற்களில் அவன் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். பாடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஆசிரியனுக்கு வேறென்ன சான்று வேண்டும்?